கோடையில் குழந்தைகளோடு தோட்டமும் வெளியே போய்வருதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோடையைக் கடக்கும் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

வெயில் காலத்துல பிள்ளைங்களை எத்தனை மணிக்கு வெளிய விடலாம்?

காலை 10 மணிக்கு முன்பு, மாலை 4 மணிக்குப் பிறகு. நடுவில் உள்ள நேரத்தில்தான் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கும். கடிகாரம் இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். குழந்தையின் நிழல் குழந்தையைவிடக் குட்டையாக விழுந்தால் வீட்டுக்குள் போகும் நேரம். "உன் நிழல் உன்னைவிடக் குள்ளமா இருக்கா?" என்று கேட்டுப் பழக்கினால், நாலு வயதுப் பிள்ளை தானே பார்த்துச் சொல்லிவிடும்.

காலையா மாலையா என்றால் காலைதான். மாலையில் வெயில் தணிந்திருந்தாலும் தரையும் சுவரும் பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். பெரியவர்களைவிடத் தரைக்கு நெருக்கமாக இருப்பது குழந்தைகள்தான். எடைக்கு ஏற்பப் பார்த்தால் அவர்களின் தோல்பரப்பு அதிகம், வியர்ப்பதோ குறைவு. அதனால் சூடு சீக்கிரம் ஏறும். கீழே வரும் பல பதில்கள் இந்த நேரக் கணக்கை நம்பித்தான் இருக்கின்றன.

எங்களுக்குத் தோட்டமே கிடையாது, பால்கனி மட்டும்தான். அதுல குழந்தையோட சேர்ந்து என்ன வளர்க்கறது?

நான்கைந்து மணி நேரம் வெயில் விழும் பால்கனி போதும். முள்ளங்கி, குத்துப் பீன்ஸ் இரண்டுக்கும் 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி. தக்காளிக்கு 30 சென்டிமீட்டர் ஆழம், 15 முதல் 20 லிட்டர் மண் பிடிக்கும் அளவு. அடியில் துளை கட்டாயம். தோட்ட மண், தென்னை நார்த்தூள், மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் இறுகிப்போகாத மண் கிடைக்கும். கலக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். கட்டி உடைப்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆர்வம் நமக்கு வராது.

தகரத் தொட்டியும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியும் சூடேறி வேரை வேக வைக்கும். பெரிய தொட்டி ஒன்றுக்குள் அதை இறக்கி வைத்தால் சூடு நேரே ஏறாது. இன்னொன்று, இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்த தொட்டி குழந்தைக்குப் படிக்கட்டு. எந்தத் தொட்டியும் கம்பிக்கோ சுவருக்கோ அருகில் இருக்கக் கூடாது. ஸ்டூலும் அப்படியே.

எந்த விதை சீக்கிரம் முளைக்கும்? என் பொண்ணுக்குப் பொறுமையே கிடையாது.

சூடான மண்ணில் முள்ளங்கி 3 முதல் 7 நாளில் தலை காட்டும். ஒரு மாதத்துக்குள் பிடுங்கிவிடலாம். பீன்ஸ் 5 முதல் 10 நாள், சூரியகாந்தி ஒரு வாரம் பத்து நாள். பீன்ஸும் சூரியகாந்தியும் பெரிய விதைகள், சின்ன விரல்களில் நிற்கும். முள்ளங்கி விதை சிறியது. அதை ஒரு தட்டில் கொட்டி ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள்.

விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுக் கணக்கு. முள்ளங்கிக்கு 1 சென்டிமீட்டர், பீன்ஸுக்கு இரண்டிலிருந்து இரண்டரை. ஒரு பென்சிலில் அந்த அளவுக்குக் கோடு போட்டுக் கொடுத்தால் குழந்தை கோடு வரை குத்தித் துளை போட்டுக்கொள்ளும். கோடு இல்லாவிட்டால் விதை பாதாளத்துக்குப் போய்விடும். லெட்யூஸ் கீரையைக் கோடையில் விதைக்க வேண்டாம். மண்ணின் சூடு 27, 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் விதை உறங்கிவிடும்.

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசிய விதைகள் பூஞ்சைக்கொல்லி தடவியவை. அவற்றைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். சாயமில்லாத பீன்ஸ் விதையானாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கில் போட்டுக்கொண்டால் ஈரத்தில் ஊதிப் பெரிதாகி அடைத்துக்கொள்ளும்.

விதை போட்ட மறுநாளே தோண்டித் தோண்டிப் பாக்கறான். எப்படி நிறுத்தறது?

நிறுத்த வேண்டாம், தோண்டாமலே பார்க்க ஒரு வழி செய்து கொடுங்கள். பீன்ஸ் விதைகள் நாலைந்தை இரவு முழுக்க ஊறவையுங்கள். நேரான கண்ணாடி டம்ளருக்குள் டிஷ்யூ தாளைச் சுருட்டி நிரப்பி நனைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விதைகளைச் செருகுங்கள். அடியில் ஒரு விரல் உயரம் தண்ணீர் நின்றால் போதும். விதை தண்ணீரில் மூழ்கினால் அழுகும்.

முதல் நாள் தோல் சுருங்கி, பிறகு வழவழவென்று உப்பும். இரண்டு முதல் நாலு நாளில் விதையின் வளைந்த பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு முனை நீளும். அதுதான் வேர். விதையை எப்படித் தலைகீழாகச் செருகியிருந்தாலும் அது வளைந்து கீழே போகும். டம்ளரைப் படுக்க வைத்தால் மறுநாள் வேரின் திசையே மாறியிருக்கும். அதன்பின் தண்டு கொக்கி போல் முதுகை வளைத்துக்கொண்டு எழும். இலைகளைத் தேய்க்காமல் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரத்தான் அந்தக் கூன். இதைப் பார்த்த பிள்ளைக்குத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும், தோண்டுவதும் குறையும். தொட்டியிலும் டம்ளரிலும் ஒரே நாளில் போடுவதுதான் இதில் முக்கியம்.

செடிக்குத் தண்ணி ஊத்து, ஊத்துன்னு அஞ்சு தடவை ஊத்திடறா. செடி மஞ்சளாயிடுச்சு.

ஊற்றுவது குழந்தைக்கு விளையாட்டு, செடிக்கு மூச்சுத்திணறல். மண்ணின் இடுக்குகளில் காற்று இல்லாமல் தண்ணீரே நின்றால் வேர் அழுகும். ஊற்றுவதற்கு முன் விரலைச் செருகிப் பார்க்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். விரலில் ஈர மண் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம், ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம்.

அளவைப் பாத்திரத்தால் கட்டுப்படுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம், மூன்று வயதுப் பிள்ளைக்கு அரை லிட்டர் போதும். பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் ஏழெட்டுத் துளை போட்டால் பூவாளி ஆகிவிடும். துளை போடுவது உங்கள் வேலை. ஆசை தீராத பிள்ளைக்குச் செடி இல்லாத ஒரு தொட்டியில் வெறும் மண்ணைப் போட்டு, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீரை மறுப்பதைவிட இது சண்டையில்லாத வழி.

குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தால், வெயிலில் கிடந்த ஹோஸின் முதல் தண்ணீர் தோலைச் சுடும் அளவுக்குக் கொதிக்கலாம். கை வைத்துப் பார்த்து, சூடு போன பிறகே குழந்தையிடம் கொடுங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டிக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து கொசு வெளிவர ஏழெட்டு நாள் போதும்.

மத்தியானம் பாத்தா செடியே தொங்கிப் போயிருக்கு. உடனே தண்ணி விடணுமா?

மண் ஈரமாக இருந்தால் வேண்டாம். உச்சி வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் தண்ணீர் ஏற்ற முடியாமல் துவளும், மாலையில் நிமிர்ந்துவிடும். காலையிலும் துவண்டு கிடந்தால்தான் கவலை.

மண் ஒரேயடியாகக் காய்ந்திருந்தால் ஊற்றிய தண்ணீர் தொட்டியின் ஓரமாக ஓடி அடியில் வந்துவிடும், நடுவில் நனையாது. அப்போது தொட்டியைத் தண்ணீருள்ள பாத்திரத்தில் அரைமணி உட்கார வையுங்கள். தொட்டி உறிஞ்சுவதைக் குழந்தை உட்கார்ந்து பார்க்கும். முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள்.

மண்ணை வாயில வெச்சுட்டான். பூச்சி வந்துடுமோ?

ஒரு சிட்டிகை மண்ணால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுங்கள். கவலைப்பட வேண்டியது மண்ணில் கலந்திருப்பதைப் பற்றி: பூனை மலம், மக்காத சாணம், பூச்சிமருந்து. பூனை புழங்கும் இடத்தில் மணல் குழியைத் திறந்து போடாதீர்கள். பச்சைச் சாணத்தைக் குழந்தையின் தொட்டியில் சேர்க்கவே வேண்டாம், முழுக்க மக்கியதே போதும்.

உர மூட்டையைப் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தூசி எழாமல் செய்யுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியா இருக்கலாம். குழந்தை அப்போது பக்கத்தில் இருக்க வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவ வேண்டும், நக இடுக்கும் சேர்த்து. தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ் முறையாகப் போட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

எந்தச் செடியெல்லாம் வீட்டுல வெக்கக் கூடாது?

அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி. இந்த நாலும் சிறு குழந்தை நடமாடும் இடத்தில் இருக்கக் கூடாது. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் குழந்தையைக் கூப்பிடும், மென்றால் உயிருக்கே ஆபத்து. கள்ளி வகைகளின் பால் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரிய புள்ளி இலைகளோடு நிழலில் வளர்க்கும் டைஃபன்பேக்கியாவை மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தக்காளியின் பழம் சாப்பிடலாம், இலையும் தண்டும் கூடாது.

ஏதாவது மென்றுவிட்டால் வாயில் இருப்பதை எடுத்துத் துடையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தச் செடியின் ஒரு கிளையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், அடையாளம் காண அது உதவும். வீட்டு விதி ஒன்றே ஒன்று: நல்ல செடியோ கெட்ட செடியோ, பெரியவர்களிடம் காட்டாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. சாப்பிடும் செடிக்கு விலக்குக் கொடுத்தால் குழந்தைக்குக் குழப்பம்தான் வரும்.

தக்காளி பூ பூத்துச்சு, எல்லாம் உதிர்ந்து போச்சு. குழந்தை அழறா.

பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாகவே இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். உரம் போட்டுச் சரிசெய்ய முடியாது. நடுப்பகலில் நிழல் வலை போட்டு, மண்ணை ஈரமாக வைத்திருங்கள், சூடு தணிந்தால் மறுபடி பூக்கும். காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடும் வேலையைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். தக்காளிப் பூவில் மகரந்தம் அப்படி அசைந்துதான் விழும்.

அரைநாள் வெளிய போறதுக்கு என்னெல்லாம் எடுத்துக்கணும்? பை கனத்துப் போயிடுது.

கனம் வருவது பெரும்பாலும் பொம்மைகளாலும் 'எதுக்கும் இருக்கட்டும்' சாமான்களாலும். அவசியமானவை: ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, அகல விளிம்புத் தொப்பி, மெல்லிய நீளக்கை பருத்திச் சட்டை, மாற்றுடை ஒன்று, ஈரத்துண்டு, சன்ஸ்கிரீன், சின்ன முதலுதவிப் பொட்டலம், நீர்ச்சத்துள்ள பழம். ஒரு பாட்டிலில் பாதி மட்டும் தண்ணீர் ஊற்றி முந்தின இரவு படுக்க வைத்து உறைய வையுங்கள். காலையில் மீதியை நிரப்பினால் மதியம் வரை குளிர்ச்சி நிற்கும், பழமும் அதை ஒட்டி வைத்தால் கெடாது.

கிளம்பும் முன் குழந்தையை அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தவறினால் "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்ற கேள்விக்கு பதற்றத்தில் பதில் வராது. கைபேசி எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். "காணோம்னா நடக்காதே, அதே இடத்துல நில்லு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பூங்காவில் சறுக்கு மரத்தில் விடும் முன் உங்கள் புறங்கையை அதில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் குழந்தையின் தொடையும் தாங்காது.

விளையாட்டுல தண்ணி குடிக்கவே மாட்டேங்கறா. எவ்வளவு குடிக்கணும்?

ஒன்று முதல் மூன்று வயதுக்கு, பாலையும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், நாலு வயதுக்கு மேல் இன்னும் கொஞ்சம். வெயிலில் ஓடினால் கூடுதலாக வேண்டும். அளந்துகொண்டிருப்பதைவிட 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை நாலைந்து வாய் குடிக்க வைப்பது எளிது. தாகம் எடுத்தால் கேட்பாள் என்று காத்திருக்காதீர்கள், விளையாட்டு மும்முரத்தில் தாகமே தெரியாது.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்த மஞ்சளாக இருந்தால் போதவில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் போகவே இல்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், பாலை அடிக்கடி கொடுங்கள்.

சன்ஸ்கிரீன், கொசு மருந்து ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?

போடலாம், சன்ஸ்கிரீன் முதலில். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு எண்) 30 அல்லது அதற்கு மேல், வெளியே போக 15 முதல் 30 நிமிடம் முன்பு. இரண்டு மணிக்கொரு முறையும் தண்ணீரில் ஆடிய பிறகும் மறுபடி பூச வேண்டும். காது மடல், பின்கழுத்து, பாதத்தின் மேல்புறம் மூன்றும்தான் விட்டுப்போகும் இடங்கள். அது காய்ந்த பிறகு கொசு மருந்து. இரண்டும் கலந்த ஒரே களிம்பை வாங்காதீர்கள். சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், கொசு மருந்தை அப்படிப் பூசக் கூடாது.

கொசு மருந்தை உங்கள் கையில் எடுத்துப் பூசுங்கள். குழந்தையின் உள்ளங்கையில் வேண்டாம், அது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். டீட் (DEET) என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் கலந்தது இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், எலுமிச்சை யூக்கலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் கூடாது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு நிழலும் துணியும்தான் பாதுகாப்பு.

தள்ளுவண்டியில தூங்கறான், மேல துணி போட்டு மூடிடலாமா? கார்ல தூங்கினா அஞ்சு நிமிஷம் விட்டுட்டுப் போகலாமா?

இரண்டுக்கும் பதில் கூடாது என்பதே. மெல்லிய துணியே ஆனாலும் மூடினால் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும், குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது. குடை மாட்டுங்கள், அல்லது வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி கூடிவிடும். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் குறையாது. ஐந்து நிமிடம் என்று போகிறவர்களின் வேலை ஐந்து நிமிடத்தில் முடிவதுமில்லை. கைப்பையையோ கைபேசியையோ பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் நல்லது, இறங்கும்போது கட்டாயம் திரும்பிப் பார்ப்பீர்கள்.

காத்தடிச்ச தொட்டியில கணுக்கால் அளவு தண்ணிதான். பக்கத்துலயே உக்காந்து போன் பாத்தா தப்பா?

தப்புதான். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரில்கூடச் சிறு குழந்தை மூழ்கும், சத்தம் வராது. கையை அடிப்பது, கத்துவது எல்லாம் பெரும்பாலும் நடக்காது. கை எட்டும் தூரத்தில், கண் எடுக்காமல் இருக்க வேண்டும். பெரியவர்கள் பலர் இருந்தால் "இப்ப நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். எல்லோரும் இருக்கும் இடத்தில் யாரும் பார்க்காமல் போவதுதான் வழக்கம்.

விளையாட்டு முடிந்த நிமிடமே தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். தோட்டத்து வாளியும் அப்படியே. குளத்துக்கோ கடலுக்கோ போனால் நீச்சலுடை பளிச்சென்ற ஆரஞ்சில் இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. காற்றடைத்த வளையம் விளையாட்டுச் சாமான், உயிர்காப்பு இல்லை.

ஒரு வாரம் ஊருக்குப் போறோம். பிள்ளை செடியை விட்டு வரவே மாட்டேங்கறான்.

தொட்டிகளையெல்லாம் நிழலில் ஒட்டி ஒட்டி வையுங்கள், ஒன்றின் ஈரம் மற்றதைக் காக்கும். மண்ணின் மேல் காய்ந்த இலையை ஐந்து சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்புங்கள். தடித்த பருத்திக் கயிற்றை நனைத்து, ஒரு முனையை மூடியுள்ள வாளித் தண்ணீரின் அடி வரைக்கும், மறுமுனையைத் தொட்டி மண்ணில் ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கும் இறக்குங்கள். வாளி தொட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். மூடியில் கயிறு நுழையும் துளை மட்டும் போதும். கொசுவுக்கும் அது தடை.

புறப்படும் நாளில் இதைச் செய்யாதீர்கள். மூன்று நாள் முன்பே வைத்து, தினமும் பிள்ளையை விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறாத கயிறென்றால், அது அந்த மூன்று நாளில் தெரிந்துவிடும். செடி தானே தண்ணீர் குடிப்பதைப் பார்த்த பிள்ளை நிம்மதியாகக் கிளம்பும்.

வெயில்ல ஆடிட்டு வந்து துவண்டு படுத்துட்டா. சாதாரணச் சோர்வா, ஆபத்தா, எப்படிக் கண்டுபிடிக்கறது?

வியர்த்துக் கொட்டுவது, முகம் வெளுப்பது, தலைவலி, குமட்டல், காரணமில்லாத சிணுங்கல் எல்லாம் சூடு மிஞ்சியதன் அறிகுறி. குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, தண்ணீரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ வாய் வாயாகக் கொடுங்கள். அரைமணிக்குள் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் மருத்துவமனை.

பேச்சு குழறுவது, கூப்பிட்டால் சரியாகத் திரும்பாதது, வலிப்பு, உடல் சூடு 40 டிகிரிக்கு மேல் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் வெப்பத்தாக்கு, உயிர் போகும் அவசரம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவில்லாத குழந்தைக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மருந்து இதற்குப் பயன்படாது.

செடி செத்துப் போச்சு. அவ தூங்கும்போது புதுசா ஒண்ணு வெச்சுடலாமா?

வேண்டாம். தினமும் பார்த்த செடியின் இலையை அவளுக்குத் தெரியும், கண்டுபிடித்துவிடுவாள். அதைவிட, அவளோடு உட்கார்ந்து செடியைத் தொட்டியிலிருந்து உருவி எடுங்கள். வேர் பழுப்பாகி, பிசுபிசுத்து, நாறினால் தண்ணீர் மிஞ்சியிருக்கிறது. முறுமுறுவென்று காய்ந்து ஒடிந்தால் தண்ணீர் எட்டவில்லை. வேர் வெள்ளையாக நன்றாக இருந்து தண்டு தரையோடு மெலிந்து சாய்ந்திருந்தால், ஈர மண்ணில் வரும் பூஞ்சை. "நீ கொன்னுட்ட" என்று ஒரு வார்த்தை வர வேண்டாம், வேரைப் பார்த்து அவளே சொல்லட்டும்.

அழுகியோ பூஞ்சை பிடித்தோ போயிருந்தால் அந்த மண்ணை மறுபடி விதைக்கப் பயன்படுத்தாதீர்கள். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். காய்ந்து போனதென்றால் அதே மண்ணைக் கட்டி உடைத்து நனைத்துக்கொள்ளலாம். அன்று மாலையே பென்சிலை எடுத்து முள்ளங்கி விதை போட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் பச்சையாக ஏதோ ஒன்று தலை நீட்டியிருக்கும்.